இரண்டு விரல்

ஷாலினி ஒரு தாளை நீட்டினாள். காலேஜ் விளையாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், இதற்கென்றே டிப்ளோமா படித்தவள். அவளுக்கு முன்னால் அந்த ஸ்டோர் ரூமில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான்.

"அண்ணே, நீங்க டேப் கட்டுனது, ஐஸ் வச்சது, மருந்து குடுத்தது எல்லாத்தையும் இதுல எழுதிக் குடுங்க லா. பழைய ரெக்கார்டே ஒண்ணும் இல்ல. பழைய பிளேயர்ஸ் வேற இன்னும் உங்களத்தான் கேட்டு வர்றாங்க."

"என்னா கேட்டு வர்றாங்க?"

"மஞ்சள் மாத்திரை இருக்கான்னு."

அந்தத் தாளில் மருந்துக்கு என்று நான்கு கோடு போட்டிருந்தது. நான்கு கோட்டில் என் தங்கச்சி அடங்க மாட்டாள். அதனால்தான் தனித் தாளில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரைக்கும் போனவன், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். மற்றவர்கள் அறுபது வயதில் ஓய்வு பெற்று அனுபவம் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து நான்கு. என் வேலை முடிந்துவிட்டது.

நாங்கள் லிங்கி பக்கம், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறியதும் சிரம்பானுக்கு, லோபாக்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். இருபத்தொரு வயதில் அந்தக் காலேஜில் வேலை கிடைத்தது. பந்துக்குக் காற்று அடிப்பது, வலை தைப்பது, ஜெர்சி துவைப்பது. முதல் மாதமே கோச் ஜோசப் என்னைக் கூப்பிட்டு, ஒருவன் கணுக்காலில் டேப் கட்டுவதைப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது நாள் அவிழ்த்து என்னைக் கட்டச் சொன்னார். மூன்றாவது நாளில் இருந்து அது என் வேலை. படிப்பு அவ்வளவுதான்.

டேப் கட்டுவதை மட்டும் எழுதிவிடுகிறேன். அது நான் நன்றாகச் செய்த வேலை. காலை மேசைக்கு வெளியே நீட்ட வைக்க வேண்டும். பாதம் நேராக, மேலே பார்த்து நிற்க வேண்டும். தொங்கினால் கட்டு வீண். முதலில் மெல்லிய ஸ்பாஞ்சு சுற்றணும். மேலே இரண்டு சுற்று டேப், அதுதான் பிடிமானம். பிறகு கணுக்காலின் உள்பக்கத்தில் இருந்து குதிகாலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் இழுத்து ஏற்றணும். மூன்று பட்டை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி. கடைசியில் குதிகாலைப் பூட்டணும். கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது, கையாலேயே கிழிக்கணும். ஒரு சுருக்கம் விழுந்தாலும் பத்து நிமிடத்தில் அங்கே கொப்புளம் வரும். நான் கட்டிய காலில் கொப்புளம் வந்ததில்லை. சத்தியமாக வந்ததில்லை.

பிள்ளைகளில் பாதிப்பேர் எங்களைப் போலத் தோட்டத்துப் பிள்ளைகள். ஓட்டத்துக்கும் ஹாக்கிக்கும் என்று காலேஜில் சேர்த்தவர்கள். ஓடும்வரை ஃபீஸ் கிடையாது. ஒரு நாள் தடை ஓட்டக்காரன் ரமேஷ் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "அண்ணே, நீங்கதான் எங்க டிரெசர்."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரைத்தான் டிரெசர் என்போம். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர் வைத்ததுதான் மருந்து. அவர் வாயைத் திற என்றால் திறக்கணும், ஊற்றினால் முழுங்கணும். எங்கள் அம்மா அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர். "டிரெசர் குடுத்தத கேள்வி கேக்கக்கூடாது" என்று இன்றைக்கும் சொல்வார். நான் பிறப்பதற்குள் அந்த ஆஸ்பத்திரியின் கூரையே போய்விட்டது. பெயர் மட்டும் பிள்ளைகள் வாயில் இருந்தது.

கேலிக்கு வைத்த பெயர் இரண்டு மாதத்தில் என் பெயராகிவிட்டது. டிரெசரண்ணே, முட்டி. டிரெசரண்ணே, தோள்பட்டை. எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார வைத்தவனை டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள் டிரெசர் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் இருக்காது? அவர்கள் என்னை நம்பினார்கள். என்னை யார் என்று நினைத்து நம்பினார்களோ, அந்த ஆளாகவே நானும் என்னை நினைத்துக்கொண்டேன். டிரெசர் என்றால் கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்ந்த எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

கோச் ஜோசப் குரல் உயர்த்த மாட்டார். அதை எழுதியே ஆகணும், ஏனென்றால் கத்துகிற கோச்சைப் பற்றித்தான் எல்லாரும் கதை சொல்வார்கள். இவர் தோளில் கை வைத்துப் பேசுவார். பிள்ளைகளின் அம்மா அப்பா பெயர் எல்லாம் தெரியும். ஒருத்தனுக்கு வலி என்றால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலிக்கிற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்துவார். அழுத்தும்போது காலைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார். முகம் மாறவில்லை என்றால், "பொலே?" என்று மெதுவாகக் கேட்பார். மலாயில், முடியுமா என்று. அந்தக் கேள்விக்கு முடியாது என்று சொன்னவனை நான் பார்த்ததில்லை. முகம் மாறாமல் இருக்கப் பிள்ளைகள் வீட்டில் பழகுவார்கள் என்று ரமேஷ்தான் பின்னாளில் சொன்னான்.

பொலே என்றதும் கோச் எழுந்து, மைதானத்தின் அந்தப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்து விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் வலிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை. பெரிய போட்டி என்றால் இரண்டு விரல். வாயைத் திறந்து மாத்திரை என்று அவர் சொன்னதே இல்லை. ஆயிரம் மாத்திரை டப்பா அவர் ஓட்டி வரும் காடியின் பின்னால் இருந்து வரும், தீர்ந்தால் அடுத்தது வரும். உள்ளே ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கும், பொடி எழுத்து. அதை நான் மேசைக்காலுக்கு அடியில் திணித்தேன். மேசை ஆடினால் டேப் சுருங்கும்.

என் தங்கச்சி கோமதி அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. டிரிப்பிள் ஜம்ப் குதிப்பாள். அவளைக் கோச்சிடம் கூட்டிப் போனதே நான்தான். அம்மாவிடம், "நான் அங்கதானம்மா இருக்கேன், பாத்துக்க மாட்டேனா?" என்று சொன்னேன். அம்மா அதற்குத்தான் சம்மதித்தார்.

இரண்டாம் வருடம் காலேஜ்களுக்கு இடையே போட்டி. மூன்று நாளாகக் கோமதியின் வலது முட்டி வீங்கியிருந்தது. கோச் குந்தினார், அழுத்தினார். அவள் முகம் மாறவில்லை. எனக்குத் தெரியும், நான் அண்ணன். சின்ன வயதில் தேள் கொட்டியபோதும் அவள் அப்படித்தான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "பொலே?" என்றார். "பொலே, கோச்." அவர் எழுந்து என்னைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார்.

நான் பிஸ்கட்டோடு இரண்டு மாத்திரை கொண்டுபோனேன். தண்ணீர் இரண்டு மிடறுதான் குடித்தாள்.

"இன்னும் குடி."

"போட்டி நேரத்துல ஒண்ணுக்கு வந்தா நீயா போவ? போ லா, டிரெசரு."

அந்த வெயில், காய்ந்த உடம்பு, இரண்டு மாத்திரை. அன்றைக்குத் தங்கம் வாங்கினாள். இறங்கிய மணலில் இருந்து நான்தான் தூக்கி வந்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தப் படம் காலேஜ் வாசலில் இன்னும் தொங்குகிறது. தூக்கி வந்தவனை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

படிப்பு முடிந்தது. ஓட்டமும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால்கள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு நன்றி சொல்லி, ஒரு பாட்டு பாடி, வாசலில் விட்டுவிடுவார்கள். முட்டி மட்டும் கூடவே போகும். கோமதி செனவாங்கில் ஒரு ஃபாக்டரியில் சேர்ந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றே பார்க்கும் வேலை. வலி என்று எம்சி லீவு எடுத்தால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்குவான். அதனால் மாத்திரை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நான்தான் ஸ்டோரில் இருந்து சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவளுக்கு மட்டும் இல்லை. பழைய பிள்ளைகள் எட்டுப் பேர் சனிக்கிழமை ஆனால் ஸ்டோர் வாசலுக்கு வருவார்கள். ஒருத்தன் லாரி ஓட்டுகிறான், ஒருத்தி கிண்டர்கார்டன் டீச்சர், ஒருத்தன் செக்யூரிட்டி. வெளியே எல்லாருக்கும் இவர்கள் பழைய சாம்பியன்கள், உடம்பு இரும்பு. உள்ளே என் மேசையில் படுத்துக்கொண்டு, "அண்ணே, படி இறங்க முடியல" என்பார்கள். தேய்த்துவிடுவேன், ஐஸ் வைப்பேன், பையில் மாத்திரை போட்டுக் கொடுப்பேன். கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் அனுப்பியதே இல்லை. அதை நல்ல குணம் என்று நினைத்தேன்.

இப்போது கோமதியின் காலைப் பற்றி எழுதணும்.

கோமதிக்கு இருபத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று கட்டிலில் காலை நீட்டினாள். பழைய சுளுக்கு என்றாள். நானும் சுளுக்கு என்றேன். எண்ணெய் போட்டு உருவினேன். உருவும்போது என் கட்டை விரல் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. எடுத்த பிறகும் நின்றது. மாவில் பதிந்த மாதிரி. பதினொரு வருடத்தில் எத்தனை கணுக்கால் தொட்டிருக்கிறேன், அப்படி ஒரு பள்ளத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்தேன், யோசித்தேன், பிறகு ஐஸ் வைத்தேன். "ரெண்டு நாளைக்கு காலையில ரெண்டு போடு" என்று மாத்திரையைக் கூட்டினேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து ஃபாக்டரியில் மூச்சு முட்டி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுத் தமிழ்ப் பெண். முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"இது எத்தன நாளா?"

"சுளுக்கு டாக்டர். ஒரு மாசமா இருக்கு" என்றார் அம்மா.

டாக்டர் இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். "சுளுக்கு ரெண்டு காலுக்கும் ஒண்ணா வருமாம்மா?"

இரண்டு காலும் வீங்கியிருந்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பார்த்தேன். இரண்டுக்கும் ஐஸ் வைத்தேன். இரண்டு பை.

"வலிக்கு மாத்திர சாப்புடுவீங்களா?"

கோமதி பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தன வருஷமா?"

"பத்து இருக்கும்."

"பத்து வருஷமா! யாரு எழுதிக் குடுத்தது?"

கோமதி என் பக்கம் திரும்பவில்லை. "எங்க டிரெசர்."

"இந்தக் காலத்துல எங்க டிரெசர்? எந்த கிளினிக்?"

"தோட்டத்துல லா, டாக்டர். அவரு செத்துட்டாரு."

நான் அவள் ஹேண்ட்பேகைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் ஒரு தாளில் கிட்னியை வரைந்து காட்டினாள். இந்த மாத்திரை வலியை மறைக்கும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்றாள். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடினால் இன்னும் குறையும். பிரஷரையும் ஏற்றும். "மாத்திர மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ ரத்தம், சிறுநீர் பாத்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும். யாரும் பாக்கச் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நான் வேலையை விட்டேன். மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்தார்கள். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். மெஷின் ஓடும்போது ஒரு நாள் கேட்டேன்.

"ஏன்டி டாக்டர்கிட்ட என்ன சாகடிச்ச?"

"உண்மையச் சொன்னா போலீசு பிடிச்சிட்டுப் போவும். அப்புறம் யாரு என்ன மோட்டார்ல ஏத்துவா?" சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு போய்விட்டது. "ஒரு நாளாச்சும் வேணாம்னு சொன்னியாண்ணே?"

"நீயும் கேட்டல்ல."

"நான் கேப்பேன் லா. ஓட உட்ட கழுத, வலிச்சா கேக்கும். குடுத்தவன் நீதான?"

அன்றைக்கு மோட்டாரில் என்னைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த முறை பழையபடி என் தோளைப் பிடித்தாள். அவள் அப்படித்தான். ஆனால் அந்தக் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

பதினான்கு மாதம் இருந்தாள். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு நாளில் போய்விட்டாள். நான்கு மாதம் ஆகிறது. முப்பது வயது.

கோச் ஜோசப் காரியத்துக்கு வந்தார். காலேஜ் பெயர் போட்ட மலர் வளையம். அம்மா கையைப் பிடித்து, "உங்க பொண்ணு கடைசி வரைக்கும் முடியாதுன்னு சொன்னதில்லம்மா" என்றார். அம்மா அதைப் புகழ்ச்சி என்று நினைத்து அழுதார். வெளியே காடி வரைக்கும் நான் கூடப் போனேன்.

"கோச், நீங்கதான் ரெண்டு வெரல காட்டுனீங்க."

"என்ன வெரல்?"

"மாத்திர குடுக்கச் சொல்லி."

அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீ துக்கத்துல இருக்க. நான் எப்ப மாத்திரன்னு சொன்னேன்? ரெண்டு நிமிஷம் இருக்குன்னு காட்டியிருப்பேன்."

உண்மைதான். அவர் சொன்னதே இல்லை. ஆயிரம் மாத்திரை டப்பா எப்படி வந்தது என்று கேட்டிருக்கணும். அவர் காடியில் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினார். அவரும் ஒரு காலத்தில் காலேஜுக்கு ஓடியவர். காலையில் கோப்பியோடு அதே டப்பாவில் இருந்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பதினொரு வருடம் பார்த்திருக்கிறேன். "கோச், நீங்களும் போயி ரத்தம் பாருங்க" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. வரணுமா என்றும் தெரியவில்லை.

என்னிடம் மாத்திரை வாங்கிய எட்டுப் பேரையும் வீடு வீடாகத் தேடிப் போகிறேன். ஃபோனில் சொன்னால் சிரிக்கிறார்கள். நேரில் போய், நான் டிரெசர் இல்லை, ஸ்டோர்காரன், எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் கொடுத்தேன், நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் பார் என்று சொல்கிறேன். செக்யூரிட்டி வேலை பார்ப்பவன் கதவைச் சாத்தினான். டீச்சர் அன்றைக்கே போனாள், நல்லபடியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன், உடனே ஏன் கோமதிக்கு மட்டும் என்று ஆத்திரம் வந்தது. அதையும் எழுதுகிறேன்.

ரமேஷ் கோலா பிலாவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும் லாரிக்குள் இருந்தே கத்தினான். "டிரெசரண்ணே! ஸ்டாக் கொண்டாந்தீங்களா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். டாக்டரிடம் வாய் திறக்காததையும் சொன்னேன்.

"கோமதிக்கு வேற ஏதாச்சும் இருந்திருக்கும் லா அண்ணே. எனக்கு ஒண்ணும் இல்ல, பாருங்க, எரும மாரி இருக்கேன்."

"எரும மாரி இருந்தா கிளினிக்கு வா. ஊசிக்குப் பயமா?"

அதற்கு வந்தான். அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தான். ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வாங்க இருவரும் போனோம். கிட்னி குறைய ஆரம்பித்திருக்கிறது, இப்போதே நிறுத்தினால் பெரும்பாலும் காப்பாற்றலாம், இனி அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். முட்டிக்கு ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு கடிதம் கொடுத்தார். தேதி ஐந்து மாதம் தள்ளி இருந்தது.

வெளியே வந்து லாரிக்குப் பக்கத்தில் நின்றோம். ரமேஷ் பாக்கெட்டில் இருந்து, நான் வேலையை விட்ட பிறகு கடையில் வாங்கிய மாத்திரைப் பையை எடுத்து என் கையில் திணித்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி அண்ணே, நிறுத்திட்டேன். இனி கிளட்ச மிதிக்கும்போது முட்டி உசுரு போவுமே. அதுக்கு என்னா போடறது?"

தொழிலில் இருந்தவரைக்கும் அந்தக் கேள்வி வந்தால் என் கை தானாக டப்பாவுக்குள் போகும். இப்போது கடிதத்தில் இருக்கும் தேதியை இன்னொரு முறை படித்துச் சொன்னேன். அவனுக்கும் படிக்கத் தெரியும்.

"தோட்டத்துல குல காத்திருக்கு" என்று சொல்லி வலது காலைப் படியில் வைத்து ஏறி உட்கார்ந்தான். இடது கால் வெளியே தொங்கியது. முட்டிக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, மூட்டை தூக்குவதுபோல அதைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.